கூப்பன் புத்தகமும் சம்பளச் சீட்டும்

உம்மா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பின்னர்தான் அவரது தகரப் பெட்டியைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. கலியாணச் சேலை, வாப்பாவின் மூக்குக் கண்ணாடி, காணி உறுதி ஒன்றின் பிரதி. அடியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, மூன்று கடதாசிகள் இருந்தன. ஒன்று, அரிசிக் கூப்பன் புத்தகமொன்றின் மட்டை. இரண்டாவது, 1979ஆம் ஆண்டு வாப்பாவின் சம்பளச் சீட்டு. மூன்றாவது, 2022இல் தம்பியின் முச்சக்கரவண்டிக்கு எரிபொருள் எடுப்பதற்காக வழங்கப்பட்ட கியூ.ஆர். அட்டையின் பிரதி. அதையும் ஒரு கூப்பன் என்றே எண்ணி உம்மா பத்திரப்படுத்தியிருந்தார். அவர் எண்ணியதில் பிழையில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு பற்றி எழுதியோர் குடியேற்றத்தை எழுதினர், குடிவழி முறையை எழுதினர், புலவர்களையும் ஆலிம்களையும் எழுதினர், அண்மைக்காலத்தில் அரசியலையும் யுத்தத்தையும் எழுதினர். மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவனும் நாட்கூலியில் வாழ்ந்தவனும் எவ்வாறு கால் ஊன்றினார்கள், எவ்வாறு சறுக்கினார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அந்த மூன்று கடதாசிகளையும் வைத்துக்கொண்டு அதன் ஒரு பகுதியையேனும் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கூப்பனின் கதை 1942இல் ஆரம்பிக்கிறது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் கப்பல்கள் நின்றன. அவ்வாண்டு ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு புத்தகம், வாரத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு. கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே நிறப் புத்தகம்தான்.

இதே நெருக்கடிதான் ஏ.எம்.ஏ. அஸீஸை கல்முனைக்குக் கொண்டுவந்தது. இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், 1942இல் அவசரகால உதவி அரசாங்க அதிபராக இங்கு அனுப்பப்பட்டார். அவருக்கு இடப்பட்ட பணி நெல் உற்பத்தியைப் பெருக்குவது. அவர் அதைச் செய்தார். ஆனால் வயல்களுக்கிடையே அலைந்தபோது அவர் கண்ணில் பட்டது நெல் மாத்திரமல்ல. படிக்கக்கூடிய பிள்ளைகள் வரம்பில் நின்றார்கள். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் வந்தது. இலவசக் கல்வியும் அதே ஆண்டில்தான் வந்தது.

அஸீஸை நாம் கல்விமானாகவும் எழுத்தாளராகவும் நினைவுகூர்கிறோம். அரிசிக்காக வந்த மனிதர் என்பதை மறந்துவிடுகிறோம். என் பார்வையில் இவை இரண்டும் ஒரே விடயத்தின் இரு பக்கங்கள். வீட்டில் ஒரு நேரச் சோற்றுக்கு அரசாங்கம் பொறுப்பு, பள்ளிக்கூடத்துக்குக் காசில்லை, அப்படியென்றால் மூத்த பையனை வயலுக்கு அனுப்பாமல் இன்னும் இரண்டு வருடம் படிக்கவிடலாம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போனவர்கள், லிகிதர்களானவர்கள், தபால் கந்தோரிலும் கச்சேரியிலும் நாற்காலி கண்டவர்கள் எல்லாம் அந்தக் கணக்கில் பிறந்தவர்கள். எங்கள் பகுதியின் மத்திய தர வர்க்கம் நிலத்திலோ வியாபாரத்திலோ மாத்திரம் முளைத்ததல்ல. கூப்பன் அரிசியில் வளர்ந்த வர்க்கம் அது.

அந்த அரிசியில் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை 1953 காட்டியது. நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தன அவ்வாண்டு ஜூலையில் மானியத்தை வெட்டினார். 25 சதத்துக்கு விற்ற ஒரு கொத்து அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. ஆகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பின் வந்த அரசாங்கங்கள் விலையைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தன. கால் நூற்றாண்டு காலம் எந்த அரசியல்வாதியும் அந்த ஆகஸ்டை மறக்கவில்லை. 1966 டிசம்பரில் இரண்டாம் முறை ஆட்சிக்கு வந்திருந்த டட்லி இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தபோது அந்த ஒன்றை இலவசமாகவே கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1970இல் தோற்றார். சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்து கொண்டுவருவோம் என்ற பேச்சில் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி வென்றது. இரண்டாவது கொத்து வந்தது, ஆனால் இலவசமாக வரவில்லை.

எழுபதுகளைப் பற்றி எங்கள் ஊர்களில் இரு விதமான ஞாபகங்கள் உண்டு. ஒன்று பாண் வரிசை. உலகச் சந்தையில் உணவு விலை ஏறியபோது அந்நியச் செலாவணி இல்லாத நாடு மரவள்ளிக்கிழங்குக்குத் திரும்பியது. ஹோட்டல்களில் சோறு விற்கக்கூடாத நாட்கள் இருந்தன. ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுசெல்ல வீதித் தடைகள் இருந்தன. 1973, 74இல் நாட்டின் மரண வீதமே உயர்ந்தது. அதில் அதிகம் இறந்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களுடைய பசியை நாங்கள் அப்போது அறியவில்லை. பதுளை, ஹட்டன் பக்கமிருந்து பிச்சைக்கு வந்தவர்களைப் பார்த்துத்தான் உம்மா அறிந்துகொண்டதாகச் சொல்வார்.

மற்ற ஞாபகம் தறிச் சத்தம். இறக்குமதி தடைப்பட்டிருந்தது, உடுக்கத் துணி வேண்டும், மருதமுனையிலும் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் கைத்தறிகள் இரவிலும் ஓடின. எனது மாமா ஒருவர் மருதமுனையில் எட்டுத் தறி வைத்திருந்தார். சாரனுக்குக் கொழும்பு வியாபாரி முன்பணம் தந்து காத்திருந்த காலம். தறி நெய்பவனும், பாவு ஓடுபவனும், வீட்டுக்குள்ளிருந்து நூல் சுற்றும் பெண்களும் வாரத்துக்கு வாரம் காசு கண்டார்கள். கொழும்பில் ஒருவர் பாண் வரிசையில் நின்று சபித்த அதே ஆட்சியை மாமா கடைசிவரை சபிக்கவில்லை. மூடிய பொருளாதாரம் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, யாருக்கு என்பதுதான்.

1977 ஜூலையில் ஆட்சி மாறியது. நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. ஒரு டொலர் 16 ரூபா ஆனது. ரூபாவின் பெறுமதி ஒரே நாளில் ஏறத்தாழப் பாதியாயிற்று. மருதமுனைக் கடைகளிலேயே வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. மாமாவின் எட்டுத் தறி முதலில் நாலாகி, பிறகு ஒன்றாகி, அந்த ஒன்றும் கோழி அடைக்கும் கொட்டிலுக்குக் கம்பாகியது. தறிக்காரன் கடைக்காரனாக மாற முடிந்தவன் தப்பினான். கூலிக்கு நெய்தவனுக்கு மாற எதுவுமிருக்கவில்லை. அவனுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, வேலை போனது என்று சொல்ல ஒரு கடிதம்கூட இல்லை. ஏனெனில் அவனுக்கு வேலை இருந்தது என்பதற்கே கடிதம் கிடையாது. 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம், 1958இன் சேமலாப நிதிச் சட்டம் என்று இலங்கையின் தொழிற் சட்டங்கள் பக்கத்து நாடுகள் பொறாமைப்படக்கூடியவை. அவை எவனுக்குப் பெயர்ப்பதிவு இருந்ததோ அவனுக்குத்தான். இன்றும் இந்நாட்டில் உழைப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பதிவுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

இனி வாப்பாவின் சம்பளச் சீட்டுக்கு வருகிறேன். வாப்பா ஒரு சங்கக் கடையில் லிகிதராக இருந்தார். வாரம் தவறாமல் மற்றவர்களின் கூப்பனை வெட்டி அரிசி நிறுக்க வைத்தவர் அவர். 1978 ஜனவரியில் புதிய அரசாங்கம் பங்கீட்டு அரிசியை மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. பெரிய குடும்பங்களுக்கு அந்த எல்லை சற்று உயரும். 1979 செப்டெம்பரில் அரிசியையே நிறுத்திவிட்டு உணவு முத்திரை கொடுத்தது. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, 8 முதல் 12 வரை 20, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 15. நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது கிடைத்தது.

நாங்கள் ஐந்து பேர். வாப்பா, உம்மா, பதின்மூன்று வயதில் நான், பத்து வயதில் தங்கை, ஆறு வயதில் தம்பி. மேற்சொன்ன கணக்கின்படி எங்களுக்கு மாதம் 90 ரூபா முத்திரை கிடைத்திருக்க வேண்டும். உம்மா பாதுகாத்த சீட்டில் வாப்பாவின் சம்பளம் 340 ரூபா. எல்லையைத் தாண்டியது 40 ரூபா. இழந்தது 90. மாதம் 299 ரூபா உழைத்தவர் முத்திரையோடு 389 ரூபாவில் வாழ, 340 உழைத்தவர் 340இலேயே நின்றார். படிப்படியாக இறங்கும் ஏணியாக அல்ல, ஒரே வெட்டில் விழும் பள்ளமாக அந்த எல்லை இருந்தது.

இதைவிட வாப்பாவை உறுத்தியது வேறொன்று. வருமானத்தை அவரவரே அறிவிக்க வேண்டும். வியாபாரியிடமும் வயற்காரனிடமும் சீட்டு இல்லை, அவர் சொன்னதே கணக்கு. வாப்பாவிடம் சீட்டு இருந்தது. ஊரில் இரண்டு கடை வைத்திருந்த ஒருவர் முத்திரையோடு வந்து சங்கக் கடையில் வரிசையில் நிற்க, அவருக்கு வாப்பா கணக்கெழுதிக் கொடுத்தார். அன்று இரவு உம்மா கேட்டாராம், "நீங்களும் ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லியிருக்கலாமே?" வாப்பா பதில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவரைப் பெருமையாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சொல்ல அவரால் முடியாது என்பதே உண்மை. சம்பளப் பதிவேட்டை எழுதியவரே அவர்தானே.

நம் ஊரில் மத்திய தர வர்க்கம் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அப்போதுதான். முத்திரைப் பட்டியலிலும் பெயர் இல்லாத, பள்ளிவாசலின் ஸக்காத் பட்டியலிலும் பெயர் இல்லாத, பெயர் போட்டாலும் வாங்க வெட்கப்படுகிற குடும்பம். மற்றவர் பார்வையில் அவர்கள் வசதியானவர்கள். வீட்டில் மாதக் கடைசிப் பத்து நாளும் கடைக் கொப்பியில் ஓடும்.

முத்திரை கிடைத்தவர்களும் நெடுநாள் மகிழவில்லை. கொத்து என்பது கொத்துத்தான். விலை ஏறினாலும் அது சுருங்காது. முத்திரையில் அச்சிட்டது ரூபா. 1980இல் மாத்திரம் விலைவாசி 26 வீதம் ஏறியது. அச்சிட்ட தொகையோ அப்படியே இருந்தது. மூன்று வருடத்துக்குள் அதன் வாங்கும் சக்தி பாதியாகக் குறைந்துவிட்டது. மானியத்தை வெட்ட 1953இல் ஒரு பிரதமர் போகவேண்டியிருந்தது. இம்முறை யாரும் எதையும் வெட்டவில்லை, விலைவாசியே அந்த வேலையைச் செய்து முடித்தது. ஹர்த்தால் செய்ய யாருக்கும் ஒரு திகதி கிடைக்கவில்லை.

எதிர்ப்பு வந்தது வேறு பக்கமிருந்து. 1980 ஜூலையில் அரசாங்க ஊழியர்கள் 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபாவும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பதவியை விட்டு விலகியதாகக் கருதப்பட்டு 40,000 பேரளவில் வேலை இழந்தனர். கொழும்பில் வேலை பார்த்த எங்கள் அயல்வீட்டுக்காரர் ஒருவர் திரும்பிவந்து சந்தியில் பெட்டிக்கடை போட்டார். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர் பீடி விற்பதைப் பார்க்க ஊரார் முதல் நாள் கூடினார்கள். சுட்டெண்ணுக்கு 5 ரூபா என்ற அந்தக் கோரிக்கை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பதை இன்று நினைத்துப் பார்க்கிறேன். சம்பளத்தைக் கொத்துப் போல ஆக்கிவிடக் கேட்டார்கள்.

அதன்பின் சம்பளம் என்பது கடல் கடந்து வரும் பொருளாயிற்று. 1978இல் ஆரம்பித்த கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்குத் தெற்கின் சிங்களப் பெண்கள் போனார்கள். கிழக்கின் முஸ்லிம் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் போனார்கள். தறி இழந்த மாமாவின் மூத்த மகள் குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் வேலை செய்து கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டாள். 1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அவள் கையில் ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கியபோது ஊர் அதைப் பற்றிப் பேசும் நிலையில் இருக்கவில்லை. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அவ்வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், 70,000க்கு மேற்பட்டோர், சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நகைக்கடையும் இரும்புக்கடையும் லொறியும் வைத்திருந்தவர்கள் சில நூறு ரூபாவோடு புத்தளத்தில் ஓலைக் குடிசைக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒரு வர்க்கம் மெல்லக் கரைவதற்கு ஒரு தலைமுறை எடுக்கும் என்பார்கள். அங்கே ஒரு பகல் போதுமாயிருந்தது. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது உலர் உணவு அட்டை. மாதம் ஒரு முறை வரிசை, மாதம் ஒரு முறை முத்திரை. 1942இல் எல்லோருக்கும் ஒரே நிறமாக இருந்த புத்தகம், ஐம்பது வருடம் கழிந்து, வைத்திருப்பவன் ஏழை என்று ஊருக்குச் சொல்லும் அட்டையாகிவிட்டது.

இடையில் 1989இன் ஜனசவிய, 1995இன் சமுர்த்தி ஆகியவற்றை நான் சுருக்கமாகத் தாண்டுகிறேன். பெயர் மாறியது, நிறம் மாறியது, பட்டியலில் யார் என்ற சண்டை மாறவில்லை.

பட்டியலுக்கு வெளியே இருந்த மாதச் சம்பளக்காரனுக்குக் கடைசியில் எஞ்சியது சேமலாப நிதி ஒன்றுதான். அவன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். மகளின் கலியாணம், வீட்டுக் கூரை, தள்ளாத வயதின் மருந்து எல்லாம் அதில்தான். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலமொன்று வந்தபோது அந்த நிதியில் கைவைக்கப்படும் என்று கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். மே 30இல் பொலிஸார் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி காயமுற்று இறந்தார். சட்டமூலம் மீளப்பெறப்பட்டது.

2022இல் யாரும் சட்டமூலம் கொண்டுவரவில்லை. டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மாத்திரம் 94.9. முப்பது வருடச் சேமிப்பின் இலக்கம் வங்கிப் புத்தகத்தில் அப்படியே இருந்தது, அதற்குள்ளிருந்த அரிசிதான் போய்விட்டது. அப்போது சட்டப்படியான தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 12,500 ரூபா, அதாவது 35 டொலருக்கும் குறைவு. அது 27,000 ஆக உயர 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக வங்கியின் கணக்கில் 2021இல் 13.1 வீதமாக இருந்த வறுமை 2022இல் 25 வீதமானது. ஒரே வருடத்தில் புதிதாகக் கோட்டுக்குக் கீழே வந்தவர்கள் நேற்றுவரை ஸக்காத் கொடுத்தவர்களாகவும் இருக்கலாம். அவ்வாண்டு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. 2023 ஜூலை 1இல் பாராளுமன்றம் அதை ஏற்றது. சேமலாப நிதியிடமிருந்த திறைசேரி முறிகள், 2026 வரை 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றச் சம்மதிக்காத நிதியத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம். வங்கிகளின் முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் விழுந்தால் நாடு விழும் என்று காரணம் சொன்னார்கள். அக்காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் நாட்டின் கடனுக்காகக் காத்திருக்கும்படி கேட்கப்பட்டவன் தையல் இயந்திரத்தின் முன்னால் இருபது வருடம் குனிந்திருந்தவன் என்பதும் உண்மை.

அதே மாதத்தில் அஸ்வெசும கொடுப்பனவு ஆரம்பமானது. மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா, பின்னர் 8,500, 5,000, 2,500 என்று நான்கு படிகள். 1979ஐ விட இது பரவாயில்லை. பள்ளத்தின் இடத்தில் படிகளாவது வந்தன. ஆனால் பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் முன் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. மின்சாரக் கட்டணம் எவ்வளவு, வீட்டுக்கு ஓடு போட்டதா, வாகனம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தம்பியிடம் வாகனம் இருந்தது. தவணைக்கு வாங்கிய முச்சக்கரவண்டி.

2022 ஜூலையில் அந்த வண்டிக்கு எரிபொருள் வாரம் 5 லீற்றர் என்று வந்தபோது, உம்மா அந்தக் கியூ.ஆர். கடதாசியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எத்தனை கொத்து மகன்?"

"அஞ்சு லீற்றர் உம்மா. கிழமைக்கு."

"எல்லாருக்கும் உண்டா?"

"வாகனம் வச்சிருக்கிற எல்லாருக்கும். கார்க்காரனுக்கு இருவது."

உம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பழசாகிக் கிழிந்துபோகாமல் ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.